மணி அடிக்கும்போது பட்டன் எங்கே?

எங்கள் பக்கத்தில் காட்ஸ் என்றால் முதலில் 304 என்ற சீட்டாட்டம்தான். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, நாலு வகையையும் கூட்டினால் 304. வாய்ப்பாடு பாடமாகும் முன்பே இந்தக் கணக்கு எங்களுக்குப் பாடம். அதனால் சில வருஷங்களுக்கு முன் எங்கள் செட் போக்கருக்கு மாறியபோது, சீட்டைப் பிடிக்கவோ எதிராளியின் முகத்தைப் படிக்கவோ யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புதிதாக வந்தது கடிகாரம் ஒன்றுதான். 304 இல் மத்தியானம் ஆடுகிற ஆட்டத்துக்கும் ராத்திரி பத்து மணிக்கு ஆடுகிற ஆட்டத்துக்கும் ஒரே விலை. போக்கர் டூர்னமென்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே கையில் உள்ளது கரையும், நேரம் போகப்போகக் கரைகிற வேகமும் கூடும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கையிலும், அதாவது ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிக்கிற ஒவ்வொரு ஆட்டத்திலும், இரண்டு பேர், சீட்டைப் பார்க்கும் முன்பே, கட்டாயமாகச் சிப்ஸ் (காசுக்குப் பதிலான வில்லைகள்) வைக்க வேண்டும். சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். பட்டன் என்ற வட்டத் துண்டு ஒவ்வொரு கைக்கும் ஒரு இடம் நகரும், அதோடு இந்தக் கட்டாயமும் மேசையைச் சுற்றி வரும். பிந்திய லெவல்களில் ஆன்டி என்று இன்னொன்றும் சேரும். இப்போதெல்லாம் அதையும் பிக் பிளைண்ட் போடுகிறவரே எல்லாருக்குமாகச் சேர்த்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம், சில்லறை பொறுக்கும் வேலை மிச்சம். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை இந்தத் தொகைகள் ஏறும், ஒவ்வொரு படியும் ஒரு லெவல். அந்த ஏற்றத்தை வைத்து எப்போது அசைவது, எப்போது சும்மா இருப்பது என்பதுதான் இங்கே பேச வந்த விஷயம்.

நாங்கள் ஆடுவது போயா என்ற பூரணை லீவு நாட்களில், இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு நண்பரின் வீட்டு முன் அறையில். எட்டுப் பேர். காசு வைப்பதில்லை. முதலில் வெளியேறுகிறவர் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்ற வேண்டும், இரண்டாவதாக வெளியேறுகிறவர் டீலர் வேலை பார்க்க வேண்டும், ஜெயிக்கிறவருக்கு அடுத்த போயாவுக்குக் கொத்து ரொட்டி. அவ்வளவுதான் பரிசு. ஆனால் ஆட்டத்தைப் பார்த்தால் பரிசு அவ்வளவுதான் என்று யாரும் நம்பமாட்டார்கள். கொழும்பு பெட்டாவில் பிளாஸ்டிக் சிப்ஸ் வாங்கும் வரை புளியங்கொட்டையும் போத்தல் மூடியும்தான் சிப்ஸ். மூடிக்கு 500, கொட்டைக்கு 100.

மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே கடைசி பஸ்ஸுக்கு முன் ஆட்டம் முடிய வேண்டும். இதற்கு ஒரு வழிக் கணக்கு உண்டு. மேசையில் உள்ள மொத்தச் சிப்ஸ் சுமார் 20 பிக் பிளைண்டுக்குச் சமமாகிற இடத்தில் டூர்னமென்ட் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆளுக்கு 10,000 என்றால் எட்டுப் பேருக்கு 80,000. பிக் பிளைண்ட் 4000 ஆகும் லெவலில் முடிவு வந்துவிடும். 50/100 இல் (ஸ்மால் பிளைண்ட் 50, பிக் பிளைண்ட் 100) தொடங்கி 100/200, 150/300, 200/400, 300/600, 400/800, 600/1200 என்று ஏறி, 2000/4000 வரை 20 நிமிஷத்துக்கு ஒரு லெவல் வைத்தால் மூன்றரை மணித்தியாலத்துக்குள் கதை முடியும். லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்ட் சீரீஸ் மெயின் ஈவென்டில் 60,000 சிப்ஸோடு 100/200 இல் தொடங்குகிறார்கள், அதாவது 300 பிக் பிளைண்ட். ஒரு லெவல் இரண்டு மணித்தியாலம். அவர்களுக்குப் பஸ் கவலை இல்லை. அங்கே உட்கார்ந்து ஆளைப் படிக்க நேரம் இருக்கிறது. எங்கள் மேசையில் அந்தப் பொறுமையைக் காட்டினால் நாலாவது லெவலில் டீ ஊற்றப் போக வேண்டியதுதான்.

20 நிமிஷத்தில் எத்தனை கை ஆடலாம்? ஒரே சீட்டுக்கட்டு, கையால் கலைக்கிறோம், நடுவில் அரசியல் வேறு. ஏழு கை, மிஞ்சினால் எட்டு. மேசையிலும் எட்டுப் பேர். அப்படியென்றால் ஒரு லெவலுக்கு ஒருவருக்கு ஏறக்குறைய ஒரே ஒரு தடவைதான் பிக் பிளைண்ட் வருகிறது, ஏழே கை போனால் ஒருவருக்கு அந்த லெவலில் வரவே வராது. இதை எங்கள் ஆட்கள் கவனித்ததே பிந்தித்தான். எல்லாரும் "இன்னும் எத்தனை நிமிஷம் மச்சான்?" என்று போனை எட்டிப் பார்ப்பார்கள், எத்தனை கை என்று யாரும் கேட்பதில்லை. மூன்று நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்ற தகவல் தனியாக எதற்கும் உதவாது. மூன்று நிமிஷம், அதாவது ஒரு கை. அடுத்த கையில் எனக்குப் பிக் பிளைண்ட். அது பழைய விலையிலா புது விலையிலா? இதுதான் கேள்வி. மணி அடிக்கும் நேரத்தில் பட்டன் எங்கே நிற்கும் என்று தெரிந்தவருக்கு மட்டும்தான் அந்தக் கடிகாரத்தால் பிரயோசனம்.

இதை அளக்க எம் (M) என்று ஓர் அளவு இருக்கிறது. பால் மேக்ரியல் என்ற பேக்கேமன் விளையாட்டு மேதையின் குடும்பப் பெயரின் முதல் எழுத்து அது. ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட், ஆன்டி மூன்றையும் கூட்டினால் ஒரு சுற்று சும்மா உட்கார்ந்திருக்க ஆகும் செலவு வரும். கையில் உள்ள சிப்ஸை அதால் வகுத்தால் எம். இன்னும் எத்தனை சுற்று ஒன்றும் செய்யாமல் உயிரோடு இருக்கலாம் என்பதுதான் அந்த எண். 400/800, ஆன்டி 800 என்றால் ஒரு சுற்றுக்கு 2000. கையில் 12,000 இருந்தால் எம் 6. மணி அடிக்கிறது, 600/1200, ஆன்டி 1200. சுற்றுக்கு 3000. எம் 4. ஒரு கைகூட ஆடவில்லை, ஒரு சிப்ஸ்கூடத் தோற்கவில்லை, ஆனால் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஐந்துக்குக் கீழே போனால் சிவப்பு வலயம் என்பார்கள். அதற்கு மேல் நாகரிகமான ஆட்டமெல்லாம் இல்லை, ஆல் இன் (கையில் உள்ள எல்லாவற்றையும் வைப்பது) அல்லது ஃபோல்ட் (சீட்டை மடக்கிவிடுவது).

மலிவான லெவல்களில் இந்த ஏற்றத்தைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 50/100 இலிருந்து 100/200 க்குப் போவது அப்படியே இரட்டிப்பு, காகிதத்தில் பார்த்தால் எங்கள் பட்டியலிலேயே பெரிய பாய்ச்சல் அதுதான். ஆனால் 100 பிக் பிளைண்ட் 50 ஆவது யாரையும் கொல்லாது. கொல்லுவது 15 பிக் பிளைண்ட் 10 ஆகிற இடம்.

ஒரு கையை அப்படியே சொல்கிறேன். ஆறு பேர் மிச்சம். லெவல் 400/800. கடிகாரத்தில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு, இந்த லெவல் முடிந்ததும் டீ இடைவேளை. முதலில் வெளியேறிய ஆட்டோ அண்ணன் குசினியில் இஞ்சி தட்டுகிறார், சத்தம் கேட்கிறது. வாசம் வந்துவிட்டது. பாங்க் தம்பி கதிரையை ஏற்கெனவே பின்னால் தள்ளிவிட்டார், ஒரு கால் வெளியே. பட்டனுக்கு முன் இடத்தில் டீச்சர் அக்கா, கையில் சரியாக 12,000. அவருக்கு முன் இருந்த இரண்டு பேரும் சீட்டைச் சரியாகப் பார்க்காமலே போட்டுவிட்டார்கள். அக்கா தன் சீட்டை ஒரு தடவை தூக்கிப் பார்த்தார், பிறகு எனக்கும் பட்டனுக்கும் நடுவில் எங்கோ பார்த்துக்கொண்டு, "ஆல் இன்" என்றார். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, வகுப்பில் இடாப்பு வாசிக்கிற குரல்.

மூன்று பேரும் மடக்கினார்கள். பிக் பிளைண்டில் இருந்த பாங்க் தம்பிக்கு ஏஸ்-ஆறு. நிதானமாக இருந்தால் அரை நிமிஷமாவது யோசித்திருப்பார். டீயைக் குடித்துவிட்டு வந்து யோசிப்போம் என்ற மாதிரி போட்டுவிட்டார். அக்கா சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பிக் காட்டினார்: ஸ்பேடில் ராணியும் ஒன்பதும்.

கணக்கைப் பாருங்கள். அக்காவுக்கு இன்னும் இரண்டு கை கழித்துப் பிக் பிளைண்ட், புது லெவலில். 1200 உம் ஆன்டி 1200 உம், அதற்கடுத்த கையில் ஸ்மால் பிளைண்ட் 600. நல்ல சீட்டு வரட்டும் என்று இருந்திருந்தால் அந்தச் சுற்று முடியும்போது 9000 இருந்திருக்கும், எம் 3. ராணி-ஒன்பதை வைத்து, நடுவில் கிடந்த பிளைண்டும் ஆன்டியுமான 2000 ஐ எடுத்ததால் அதே சுற்று முடியும்போது 11,000. அந்த நேரத்தில் ஒருவரும் எதிர்க்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டதுதான் அக்காவின் கெட்டித்தனம், சீட்டு இரண்டாம் பட்சம். இடைவேளைக்கு முந்திய கடைசிக் கை எப்போதும் இப்படித்தான். யாருக்கும் டீக்கு முன்னால் சாக விருப்பமில்லை.

சரி, லெவல் ஏறிய பிறகு எடுத்தால் 2000 க்குப் பதில் 3000 கிடைக்குமே, ஏன் பொறுக்கக் கூடாது? நியாயமான கேள்வி. சிப்ஸ் ஓரளவு இருந்தால் பொறுக்கலாம், பொறுத்தவர்கள் ஜெயித்ததும் உண்டு. பட்டனில் இருந்து 12,000 ஐத் தள்ளினால், பழைய லெவலில் பிக் பிளைண்டில் இருப்பவர் 25,200 க்காக 11,200 போட வேண்டும், கால் பண்ண (சமமாக வைத்து எதிர்க்க) அவருக்கு 44 வீதம் ஜெயிக்கும் வாய்ப்புத் தேவை. புது லெவலில் 42 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை, அவர் அதே மாதிரித்தான் பயப்படுவார். ஆனால் கையில் 6000 தான் இருக்கிறது என்று வையுங்கள். பழைய லெவலில் அவருக்கு 39 வீதத்துக்குச் சற்று மேல் தேவை, புது லெவலில் 35 க்கும் குறைவு. ஏஸ்-ராஜா வைத்திருப்பவருக்கு எதிராக ஏழு-இரண்டு மாதிரி உதவாக்கரைச் சீட்டுகூட மூன்றில் ஒரு தடவை ஜெயிக்கும். ஆகவே புது லெவலில் அவர் ஏறக்குறைய எதை வைத்தும் கால் பண்ணலாம், பண்ணவும் வேண்டும். உங்கள் ஆல் இன்னுக்கு இனி யாரும் பயப்படப் போவதில்லை, சீட்டைத் திருப்பி வைத்து அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். சின்ன ஸ்டாக், அதாவது கொஞ்சச் சிப்ஸ், வைத்திருப்பவருக்கு மணி அடிக்கும்போது போகிற பெரிய சொத்து, மற்றவர்களை விரட்டும் சக்தி. சிப்ஸாகப் பார்த்தால் ஒன்றும் குறைந்திருக்காது, அதனால் அது போனதே தெரியாது.

கணக்கப்பிள்ளை மாமாவுக்கு இதை எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், எண்கள் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஏழெட்டு நாளுக்கொரு சுற்று கொழுந்து எடுக்காவிட்டால் இலை முத்திவிடும், பிறகு பெக்டரியில் அதற்கு மதிப்பில்லை என்று எத்தனை பேரை விரட்டி வேலை வாங்கியிருப்பார்! அதே மனுஷர் மேசையில் ஏஸ் வரட்டும், ஜோடி வரட்டும் என்று சுற்று மேல் சுற்றாக விட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஜோடி ஏஸே வரும். அப்போது அவரிடம் இரண்டு பிக் பிளைண்ட்தான் மிச்சம். ஜெயித்தால்கூட நாலு. "சீட்டு வந்திச்சு பாத்தியா தம்பி" என்பார் பெருமையாக. வந்தது, மாமா, நாலு கை பிந்தி வந்தது.

இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் இரண்டு மூன்று கைகளும் நல்ல நேரம்தான், வேறு காரணத்துக்காக. ஆட்கள் இன்னும் பழைய லெவலில்தான் இருப்பார்கள். 1200 என்பதை 800 மாதிரி நினைத்து மூன்று மடங்கு ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது) என்று 2400 போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இருவர் இன்னும் வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசிச் சீட்டு போட்டு முடியும்போது இடத்தில் இல்லாவிட்டால் அவருடைய கை செத்தது, ஆனால் பிளைண்ட் எடுக்கப்படும். வெறும் கதிரை போட்ட பிக் பிளைண்டை எடுக்காமல் விடுவது, என்னைக் கேட்டால், பாவம்.

இனி விதி. மணி அடித்த உடனேயே விலை ஏறுமா, அடுத்த கையிலா? இதில் எங்கள் செட்டே ஒருநாள் இரண்டாகப் பிரிந்தது. டீலர் சீட்டைக் கலைத்துக்கொண்டிருக்கும்போது போன் கத்தியது. ஒரு கட்சி சீட்டு இன்னும் போடவில்லை, புது லெவல்தான் என்றது. மற்றக் கட்சி கலைக்கத் தொடங்கியாயிற்று, பழைய லெவல் என்றது. 2001 இல் தொடங்கிய டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன், டிடிஏ என்பார்கள், உலகம் முழுக்க ஒரே மாதிரி விதி இருக்கட்டும் என்று எழுதி வைத்திருப்பதில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது: புது லெவல் அடுத்த கையிலிருந்து, கை தொடங்குவது சீட்டின் முதல் கலைப்பிலிருந்து. மெஷின் கலைத்தால் அந்த மெஷினின் பட்டனை அழுத்தும்போது. ஆகவே அன்று பழைய லெவல். அன்றிலிருந்து எங்கள் டீலர்கள் முதல் கலைப்பைக் கொஞ்சம் சத்தமாகவே கலைக்கிறார்கள்.

இந்த விதி தெரிந்ததும் புதுக் கூத்து தொடங்கியது. உங்களுக்கு அடுத்த கையில் பிக் பிளைண்ட், கடிகாரத்தில் ஒன்றரை நிமிஷம். இந்தக் கை சீக்கிரம் முடிந்தால் டீலர் கலைக்கத் தொடங்கிவிடுவார், பழைய விலையில் தப்பிக்கலாம். ஆகவே ஆடும் உத்தேசம் இல்லாவிட்டால் உங்கள் முறை வந்ததும் உடனே மடக்குங்கள். இதில் ஒரு குற்றமும் இல்லை. எல்லாருக்கும் நல்லது. அதற்கு நேர் எதிரான ஆட்கள் இருக்கிறார்கள். தன் பிளைண்ட் போய்விட்டது, இனி வரப்போவது பக்கத்துக் கதிரைக்காரருக்கு, அவர் புது விலையில் போடட்டும் என்று, மடக்கப் போகிற சீட்டை வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். பாங்க் தம்பி இதில் மன்னன். சீட்டைத் தூக்குவார், வைப்பார், சிப்ஸை எண்ணுவார், திரும்பச் சீட்டைத் தூக்குவார், பிறகு ஏதோ தியாகம் செய்கிற முகத்தோடு மடக்குவார். நான் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்குப்படி லாபம் இருக்கலாம், குறிப்பாகப் பரிசு எல்லைக்கு, அதாவது இன்னும் சிலர் விழுந்தால் மிச்சப் பேருக்கெல்லாம் பரிசு என்கிற இடத்துக்குப் பக்கத்தில், இன்னொருவர் முதலில் விழக் காத்திருக்கும்போது. ஆனால் ஒருவர் நேரம் ஓட்டினால் எல்லாருக்கும் கை குறைகிறது, ஏழு கை ஐந்தாகிறது. அதற்கும் விதியில் மருந்து உண்டு. மேசையில் யாரும் கிளாக் கேட்கலாம், அனுமதி கிடைத்தால் 25 விநாடி, அப்புறம் ஐந்து விநாடி எண்ணிக்கை. பெரிய போட்டிகளில் பரிசு எல்லை வந்ததும் எல்லா மேசையும் ஒரு கையை முடித்த பிறகுதான் அடுத்த கை, இழுத்தடிப்பதில் பலன் இல்லாமல் போகும். எங்களுக்கு மேசை ஒன்றே ஒன்று, ஆகவே கிளாக்தான். எண்ணுகிற வேலையை ஆட்டோ அண்ணன் ஆசையாகச் செய்கிறார்.

ஆள் குறையும்போது இன்னொன்றும் நடக்கிறது, பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எட்டுப் பேர் இருக்கும்போது எட்டுக் கைக்கு ஒரு பிக் பிளைண்ட். நாலு பேர் என்றால் நாலு கைக்கு ஒன்று. கையும் சீக்கிரம் முடியும். 20 நிமிஷ லெவலில் இரண்டு தடவைக்கு மேல் போட வேண்டி வரும். எம் 6 என்று சந்தோஷமாக இருப்பவர், நாலு பேர் மேசையில் உண்மையில் முன்னைய 3 இல் இருக்கிறார். லெவல் ஏறியதைப் போன் சத்தம் போட்டுச் சொல்லும். ஒருவர் வெளியேறியதும் எல்லாருக்கும் சந்தோஷம், செலவு கூடியது யாருக்கும் கேட்காது.

இப்போது எங்கள் செட்டில் ஓடும் சண்டை 800/1600 பற்றியது. நேரம் மிச்சம் பிடிக்க அந்த லெவலைத் தூக்கிவிட்டு 600/1200 இலிருந்து நேரே 1000/2000 க்குப் போகிறோம். மூன்றில் இரண்டு பங்கு ஏற்றம். 18,000 வைத்திருப்பவரின் எம் 6 இலிருந்து ஒரே அடியில் 3.6 க்கு இறங்குகிறது, நடுவில் அந்த லெவல் இருந்தால் 4.5 இல் ஒரு தடவை மூச்சு விடலாம். திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று கொடி பிடிப்பவர் வேறு யாருமில்லை, கணக்கப்பிள்ளை மாமா. காத்திருந்து ஆடுகிறவருக்குத்தானே பாய்ச்சல் அதிகம் வலிக்கும். ஆனால் இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம் என்று நானும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு லெவலை மட்டும் 10 நிமிஷத்துக்குப் போடலாம் என்கிறார் டீச்சர் அக்கா. மாமா இன்னும் இறங்கி வரவில்லை, 15 ஆவது வேண்டுமாம்.